உச்சிவெயிலில் குளம் பார்க்க வந்தவர்கள்

ஊழியர் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டுப் பாசனப் பிரிவிலிருந்து இரண்டு பிள்ளைகள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். "சிரிக்கிற மாதிரி எழுதித் தாங்க அண்ணாச்சி. நீங்க வாயைத் தொறந்தாலே ஆபீஸே சிரிச்சுக் கெடக்குமாம்லா" என்றான் ஒருவன். இன்னொருவன் புதிதாகச் சேர்ந்தவன். "இப்பம் மடைக்கு மோட்டார் வச்சாச்சு. பட்டனை அமுக்கினா ஷட்டர் தன்னால ஏறுது. உங்க காலத்துல சும்மா கரையில நடந்துக்கிட்டுத்தான இருந்திய?" என்று கேட்டான். காப்பியைக் குடித்து முடித்த பிறகுதான் கேட்டான். முன்னாலேயே கேட்டிருந்தால் டம்ளரைப் பிடுங்கியிருப்பேன்.

ஐம்பதைத் தாண்டிய கையோடு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவன் நான். மீசை இன்னும் பாதி கறுப்பு. மறதி வரவில்லை, கோபமும் தணியவில்லை. சிரிப்பு வருகிற இடத்தில் நீங்கள் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு எழுதும்போது பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

சொந்த ஊர் சீவலப்பேரி. இரண்டு ஆறு சேருகிற ஊர். அங்கே பிறந்த பிள்ளைகள் நடக்கப் பழகும் முன் நீந்தப் பழகிவிடும், என்னைத் தவிர. சிறுவயதில் படித்துறையில் வழுக்கி விழுந்து, 'ஐயோ போறேன், ஐயோ போறேன்' என்று நான் போட்ட சத்தத்தில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்களெல்லாம் ஓடி வந்தார்கள். வந்து பார்த்துவிட்டு, "எந்திரிச்சு நில்லுலே, முழங்கால் தண்ணி" என்றார்கள். அதோடு ஆற்றுக்கும் எனக்கும் உறவு முடிந்தது. அப்படிப்பட்டவனுக்குக் கிடைத்த வேலை பாசனத் துறையில் லஸ்கர். மடையைத் திறப்பது, அடைப்பது, கரை நெடுக நடந்து எலிவளை நண்டுவளை பார்ப்பது, அடைமழையில் கரை உடையாமல் காவல் கிடப்பது, இதுதான் லஸ்கர் வேலை. நேர்முகத்தில் "நீச்சல் தெரியுமா?" என்று கேட்டார்கள். "சீவலப்பேரி சார்" என்றேன். தெரியும் என்று அவர்களாகவே எழுதிக்கொண்டார்கள். வாய்க்கால் வாய்க்காலாக மாற்றி மாற்றிப் போட்டு, தொண்ணூறுகளின் பின்பாதியில் நாங்குநேரிப் பக்கம் ஒரு பெரிய குளத்துக்கு அனுப்பினார்கள்.

அந்தக் குளத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் நாளைக்கே வேன் பிடித்துக் கிளம்பிவிடுவீர்கள்.

அது குளமில்லை, கடல் என்று முதல் நாள் எனக்குப் பட்டது. அக்கரை தெரியவில்லை. தண்ணீர் விளிம்பிலிருந்து பத்தடி தள்ளி நின்றுதான் பார்த்தேன். நடுவில் தண்ணீருக்குள் நாட்டுக்கருவை மரங்கள் தோப்பாக நின்றன. இலை தெரியாமல் பறவை. மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், பனிமலை தாண்டி வருகிற வாத்து. மரமே எச்சத்தில் வெளுத்துக் கிடக்கும். அந்த எச்சம் கரைந்த தண்ணீர் பாய்கிற வயலுக்குத் தனியாக உரம் வேண்டாம் என்பார்கள். பெரிய மடையின் வாயில் இரண்டு கல்தூண்கள். பாண்டியர் காலத்தவை, வட்டெழுத்தில் ஏதோ வெட்டியிருக்கிறது. எவனோ ஒரு ராஜா, தண்ணீரை ஒழுங்காகத் திறந்து விடு என்று எழுதி வைத்திருப்பான் என நான் நினைத்துக்கொள்வேன். எனக்கு மேலதிகாரிகள் ராஜா காலத்திலிருந்தே இருக்கிறார்கள் என்று ஓர் ஆறுதல்.

அந்த ஊருக்கு ஒரு வழக்கம் உண்டு. கூட்டில் குஞ்சு பொரித்துவிட்டால், சிறகு முளைக்கிற வரைக்கும், உச்சிப்பொழுதில் குளத்துக்குள் யாரும் இறங்கமாட்டார்கள். எருமையைக் குளிப்பாட்டமாட்டார்கள், வலை வீசமாட்டார்கள், துணியை ஓங்கி அடிக்கமாட்டார்கள். வெயில் சாய்ந்த பிறகுதான் எல்லாம். காரணம் கரையில் நின்று பார்த்தால் தெரியும். வெயில் தலைக்கு மேல் ஏறியதும் தாய் நாரை கூட்டின் விளிம்பில் நின்று இரண்டு சிறகையும் விரித்து நிழல் பிடிக்கும். இறகு முளைக்காத குஞ்சு அந்த நிழலுக்குள் கிடக்கும். சூரியன் நகர நகரத் தாயும் நகரும். தாயை அந்த நேரத்தில் கலைத்துவிட்டால் குஞ்சு வெயிலில் வெந்துபோகும். மிச்சத்தைக் காக்கை பார்த்துக்கொள்ளும். வேட்டு என்பதே அந்த ஊரில் கிடையாது. தீபாவளிக்குப் பிள்ளைகளைப் பக்கத்து ஊர் மாமன் வீட்டுக்கு அனுப்பி வெடிக்கச் சொல்வார்கள்.

எங்கள் செக்‌ஷன் சார் சிதம்பரநாதன். உதவிப் பொறியாளர். ஒரு காலத்தில் நிலபுலத்தோடு இருந்த சைவக் குடும்பம். நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் ஒரு சின்ன எண்ணெய்ப் புட்டி. எண்ணெய் அவருக்கில்லை, ஷட்டர் திருகுக்கு. நாய்க்கும் 'நீங்க' போட்டுத்தான் பேசுவார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும், மரியாதை ஏறும். 'முத்தையா' என்று கூப்பிட்டால் ஒன்றுமில்லை. 'முத்தையா ஐயா' என்று கூப்பிட்டால் சோலி முடிந்தது. ஒருமுறை கரையில் விழுந்த வளையைப் பார்க்காமல் பார்த்ததாகச் சொல்லிவிட்டேன். "முத்தையா ஐயா, கொஞ்சம் வந்து அந்த வளையில காலை வச்சு நில்லுங்க" என்றார். நின்றேன். தொடைவரைக்கும் உள்ளே போய்விட்டது. "இப்ப பார்த்தாச்சுல்லா ஐயா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என்னைத் தூக்கிவிட வந்த ஆள் சிரித்த சிரிப்பு இப்போதும் காதில் கேட்கிறது.

மடை திறப்பதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். பட்டன்காரத் தம்பி இதைக் கவனிக்கவும். முதலில் கரைக்கு வெளிப்புறம் இறங்கி, மடைத் தண்ணீர் வந்து விழுகிற மடைக்குழியைக் குனிந்து பார்க்க வேண்டும். பெண்கள் குளித்துக்கொண்டிருப்பார்கள், பிள்ளைகள் மீன் துழாவிக்கொண்டிருக்கும். பிறகு கரையேறி, 'மடை தொறக்கப் போகுது' என்று சத்தம் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். "நாம சத்தம் கொடுத்தது கணக்கில்ல முத்தையா. அங்கனருந்து பதில் வரணும். வராம கைவைக்கக் கூடாது" என்பார். பதில் வந்த பிறகு திருகுக்கு எண்ணெய். பிறகு அரைச் சுற்று. நிறுத்திக் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். தண்ணீர் சீராக இரைகிறதா, கல்லில் முட்டித் தெறிக்கிறதா என்று. அதற்குப் பிறகுதான் மீதிச் சுற்று. நாங்கள் அவரைக் கேலி பேசாத நாளில்லை. ஆனால் அவர் இருந்த வரை எங்கள் மடைக்குழியில் ஒரு பிள்ளை அடித்துப் போகப்படவில்லை.

அந்தக் குளத்தின் பெரிய மடை ஷட்டர்தான் எங்களுக்குத் தலைவலி. அடித்தகடு துருவேறி இற்றுப்போய், அடைத்த பிறகும் தண்ணீர் பீறிட்டு ஓடிக்கொண்டேயிருக்கும். வருஷா வருஷம் வைக்கோல் பிரியும் களிமண்ணும் சாக்கும் கொண்டு முங்கி அடைப்பார்கள். நாலு நாளில் பிடுங்கிக்கொண்டு போகும். தண்ணீர் வற்றினால் கடைமடை வயல் காயும். அதைவிட மோசம், மரத்தடி காய்ந்து நாயும் நரியும் நடந்தே கூட்டுக்குப் போய்விடும். சார் புது ஷட்டர் கேட்டு எழுதாத மாதமில்லை. மேலே போனது எதுவும் கீழே வரவில்லை.

பெண்களுக்கு ஒதுக்கீடு வந்து நடந்த தேர்தலில் பேச்சியம்மாள் அந்த ஊருக்குத் தலைவியாகியிருந்தார். நடவு வேலைக்குப் போகிறவர். தலைவியான பிறகும் போனார். ஊரில் 'பிரசிடெண்ட் அக்கா' என்பார்கள். முங்கி மடை அடைப்பது அவர் புருஷன்தான். ஒருமுறை சாக்கோடு அவர் காலையும் மடை இழுத்துவிட்டது. பிடித்து இழுத்து மீட்டார்கள். அதிலிருந்து அக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பது ஒன்றுதான். "ஏ லஸ்கரு, எப்பவே வரும் ஷட்டரு? எம்புருசன் செத்த பொறவா?"

அப்போதுதான் சென்னையிலிருந்து ஒரு பெரியவர் குடும்பத்தோடு பறவை பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. எங்கள் துறையில் அவர் வைத்ததுதான் கையெழுத்து. நேரில் கேட்டால் ஷட்டர் கிடைத்துவிடும் என்று அக்கா மனு எழுதி வைத்துக்கொண்டார். சாரும் தகட்டு அளவெல்லாம் எடுத்து வைத்தார்.

பெரியவருக்கு முன்னால் ஒருவர் வந்தார், ஏற்பாடு பார்க்க. அவர் பெயர் இருக்கட்டும், நாங்கள் வைத்த பெயர் சுண்ணாம்பு சார். நம் நாட்டில் ஒரு பெரிய மனிதர் ஓரிடத்தைப் பார்க்க வருகிறார் என்றால், அந்த இடம் இருக்கிறபடி அவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது. வந்து இறங்கியதும் பிளீச்சிங் பவுடரைக் கோலமாகத் தூவச் சொன்னார். கரை ஓரத்துக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு. பனைமரத்துக்குச் சுண்ணாம்பு. மரங்களின் எச்சத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்து, "இதக் கழுவ முடியாதாவே?" என்று என்னிடமே கேட்டார். "கழுவலாம் சார், நாரையைத்தான் கொஞ்ச நாளைக்கு வெளியே போகாதேன்னு சொல்லணும்" என்றேன். முறைத்தார். நான் பயந்து, நானே கழுவி விடுகிறேன் என்று சொல்லப் பார்த்தேன். நல்லவேளை, தண்ணீர் ஞாபகம் வந்தது.

மறுநாள் காலையில் நானும் சாரும் வந்து பார்த்தால், மடை வாயிலிருந்த இரண்டு கல்தூணும் பளீரென்று வெள்ளை. எழுத்து மேல் இரண்டு பூச்சு. ஆயிரம் வருஷமாக வெயிலும் வெள்ளமும் தொடாததை ஒரு சுண்ணாம்பு மட்டை தொட்டுவிட்டது. சார் நின்று பார்த்தார். பிறகு சுண்ணாம்பு சாரிடம் போய், "ஐயா, ரொம்பச் சிரமப்பட்டிருக்கிய" என்றார் மெதுவாக. அந்த 'ஐயா' எனக்குத் தெரியும். அந்த மனுஷனுக்குப் புரியவில்லை. "ஆமா சார், ராத்திரியெல்லாம் நின்னு அடிச்சேன்" என்றார் பெருமையாக. சார் சட்டையைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு, தேங்காய் நார் எடுத்து எழுத்துக்குள் சுண்ணாம்பு காயும் முன் தேய்க்க உட்கார்ந்துவிட்டார். நானும் தேய்த்தேன். தேய்த்துக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் அவரிடம் சொன்னார்: "ஐயா, பெரியவங்க வெயில் ஏறும் முன்ன வந்துட்டாப் போதும். இல்லன்னா சாயங்காலம். உச்சியில மட்டும் வேண்டாம். வேட்டு எதுவும் கொண்டாந்திருந்தா ஜீப்பை விட்டு எறக்க வேண்டாம்." "சரி சார், சரி சார்" என்றார் அவர்.

பெரியவர் காலையில் வரவில்லை. நாங்குநேரியில் பெருமாளைச் சேவித்து, பலகாரம் சாப்பிட்டு, கொஞ்சம் படுத்து எழுந்து, உச்சிவெயிலில் மூன்று கார்களில் வந்து இறங்கினார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். பக்கத்தில் இருப்பவன் என்ன சொல்கிறானோ அதுதான் அவருக்கு உலகம். அவர் மனைவி ரொம்ப ஆசையாக வந்திருந்தார். கையில் பைனாகுலர், தலையில் தொப்பி.

கரையோரம் ஒரு வள்ளம் நின்றது. சுண்ணாம்பு சார் புன்னக்காயலிலிருந்து லாரியில் ஏற்றிவந்தது. கொண்டுவந்தவர் இறக்கிவிட்டு லாரியோடு போய்விட்டார். கடலில் போகிற வள்ளம், குளத்தில் மாப்பிள்ளை மாதிரி விறைத்து நின்றது. அதில் ஏறி மரத்தடி வரைக்கும் போய்ப் பார்ப்பதாகத் திட்டம். ஊர் கரையில் கூடி நின்றது. பேச்சியம்மாள் மனுவோடு முன்னால் வந்தார்.

"ஐயா, வெயில் தாழட்டும். அதுவரைக்கும் கரையில நின்னு பாருங்க. எளநி வெட்டுதோம்" என்றார்.

பெரியவர் காதில் அது விழும் முன் சுண்ணாம்பு சார் குறுக்கே வந்துவிட்டார். குரலைத் தாழ்த்தி, "ஏ அம்மா, ஒனக்கு ஷட்டர் வேணுமா வேண்டாமா?" என்றார்.

அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை. அக்கா குளத்தைப் பார்த்தார். திரும்பிப் புருஷனைப் பார்த்தார். அவர் காலில் மடை இழுத்த தழும்பு அப்போதும் இருந்தது. எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "ஷட்டரு வேணும்யா. அதுக்கு இதக் கேக்காதிய."

சுண்ணாம்பு சார் என் பக்கம் திரும்பினார். "ஏறுவே வள்ளத்துல. கம்பு ஊணித் தள்ளு."

"ஐயா" என்றார் எங்கள் சார். "அவருக்கு நீச்சல் தெரியாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷம் நான் மறைத்தது அவருக்கு எப்படித் தெரியும்? மடைக்குழியில் நான் நிற்கிற நிற்பைப் பார்த்தால் போதும் என்று பிறகு சொன்னார்.

"தண்ணி டிப்பார்ட்மெண்ட்டுல இருந்துக்கிட்டு நீச்சல் தெரியாதாம். தோணியில நிக்கதுக்கு நீச்சல் எதுக்கு? ஏறும்வே" என்றார் சுண்ணாம்பு சார்.

மாற்றல் பயம் ஒரு பக்கம், தண்ணீர்ப் பயம் ஒரு பக்கம். எனக்கு எப்போதும் பக்கத்தில் இருக்கிற பயம்தான் பெரிய பயம். ஏறிவிட்டேன். ஏறிய பிறகு தண்ணீர் பக்கத்தில் வந்துவிட்டது. கால் ஆட ஆரம்பித்தது. கால் ஆடினால் வள்ளம் ஆடும், வள்ளம் ஆடினால் கால் இன்னும் ஆடும். கம்பு என் கையில் காவடியாக ஆடியது. வாய் தானாக 'முருகா, முருகா' என்றது. பெரியவர் மனைவி ஒரு காலை விளிம்பில் வைத்தவர், என் முகத்தைப் பார்த்து எடுத்துவிட்டார். "ஏங்க, நான் வரலை. இவருக்கே உயிர் பயமா இருக்கு" என்றார். பெரியவர் சிரித்தார். ஊரும் சிரித்தது. நான் வள்ளத்தைக் கட்டிப்பிடித்து இறங்கினேன். பிறகு பலரும் என்னிடம், "நல்லா நடிச்சேருவே" என்றார்கள். நடிப்பா? அந்தக் கால் நடுக்கம் ராத்திரி வரைக்கும் நிற்கவில்லை. ஆனாலும் மரத்தடிக்கு யாரும் போகவில்லை. என் கோழைத்தனத்தை நானே மெச்சிக்கொண்ட ஒரே நாள் அது. அந்த மெச்சல் கொஞ்ச நேரம்தான்.

கரையிலிருந்தே பார்த்தார்கள். தாய்ப்பறவைகள் சிறகை விரித்து அசையாமல் நின்றன. "ஏன் எல்லாம் சும்மா நிக்குது? பறக்காதா?" என்று அந்த அம்மா கேட்டார். அறியாத கேள்விதான், குற்றமில்லை. சார் பதில் சொல்ல வாயெடுத்தார். சுண்ணாம்பு சாருக்கு அவ்வளவு நேரம் இல்லை. வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பிவிடுவார்கள் என்ற பதற்றம். வரவேற்புக்காக வாங்கி, சரி சார் சரி சார் என்று ஜீப்பில் ஒளித்து வைத்திருந்த சரவெடியை எடுத்துக் கரைச் சரிவில் விரித்துத் தீயை வைத்துவிட்டார்.

அந்தக் கரையில் அதற்கு முன் வேட்டுச் சத்தம் கேட்டதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தோப்பு மொத்தமும் ஒரே எழும்பல். வானம் வெள்ளையாகி, கறுத்து, மறுபடி வெள்ளையானது. காமிரா சொடுக்குகிற சத்தம். வந்தவர்கள் கை தட்டினார்கள். "அடடா, என்ன அழகு" என்றார் அந்த அம்மா. சுண்ணாம்பு சார் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார், பந்தி பரிமாறி முடித்தவர் மாதிரி.

ஊர்க்காரர்கள் யாரும் வானத்தைப் பார்க்கவில்லை. மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாரைகள் வெக்கைக் காற்றில் மேலே மேலே சுற்றின, இறங்கவில்லை. கூடுகளில் சின்னத் தலைகள் வாயைப் பிளந்துகொண்டு எழும்பி எழும்பி விழுந்தன. தட்டுத் தடுமாறிச் சில தண்ணீருக்குள் விழுந்தன. காக்கைகள் வந்துவிட்டன. பெரியவர் கடிகாரத்தைப் பார்த்து, சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது என்றார்.

"ஏம்மா, மனு குடுக்கணும்னியே, குடு" என்றார் சுண்ணாம்பு சார் தாராளமாக. பேச்சியம்மாள் மனுவை மடித்து இடுப்பில் செருகினார். "வெடிச்ச பொறவு என்னத்தக் கேக்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். ஊர் பின்னால் இறங்கியது. கார்கள் கிளம்புகிற புழுதி எங்கள் முதுகில் விழுந்தது.

சாரும் இறங்கினார். அவர் இறங்கினால் நான் கரையில் நிற்க முடியுமா? வள்ளத்தின் விளிம்பைக் கவ்விப் பிடித்துக்கொண்டு நெஞ்சளவு தண்ணீரில் போனேன். அன்றைக்கும் எனக்குப் பயம்தான். துண்டை வீசிக் காக்கை விரட்டினோம். உயிரோடு விழுந்ததைக் கிளையில் ஏற்றி வைத்தோம். "சீக்கிரம், சீக்கிரம், நாம நின்னா தாய் எறங்காது" என்று அக்கா விரட்டிக்கொண்டே இருந்தார். கரையேறி ஒதுங்கிய பிறகுதான் நாரைகள் ஒவ்வொன்றாக இறங்கின. சில கூட்டில் இறங்கி வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றன. சிறகை விரிக்கவில்லை. விரிப்பதற்கு உள்ளே ஆளில்லை.

செத்ததை ஒரு பனையோலைக் கடகத்தில் போட்டுக் கரையில் வைத்திருந்தார்கள். சார் ஈரச்சட்டையோடு வந்து நின்றார். "முத்தையா ஐயா" என்றார். எனக்கு உயிர் போய் வந்தது. "கடகத்தைத் தூக்கிட்டு நம்ம ஜீப்புல ஏறுங்க."

பயணியர் விடுதியில் பந்தி நடந்துகொண்டிருந்தது. வாழை இலையில் பாயசத்துக்கு அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தார் பெரியவர். நான் கடகத்தோடு வாசலில் நின்றேன். ஓடிவிடலாமா என்று பார்த்தேன். சார் முதுகில் கைவைத்து உள்ளே தள்ளினார். கால் மறுபடி ஆடியது, கடகமும் ஆடியது. ஆடிய ஆட்டத்தில் ஒரு குஞ்சின் கழுத்து வழுக்கி வெளியே தொங்கியது.

"ஐயா, சொன்ன நேரத்துக்கு வந்திருந்தா மரத்துலயே காட்டியிருப்போம்" என்றார் சார். குரல் பக்கத்து ஆளுக்குத்தான் கேட்கும், அவ்வளவு தாழ்வு. "நேரம் தப்பிட்டதால இங்கன கொண்டு வந்திருக்கோம். பார்க்க வந்தவங்களுக்குக் காட்டாம அனுப்புதது முறையில்ல."

அந்த அம்மா எழுந்து கைகழுவப் போனவர் திரும்பி வரவில்லை. பெரியவர், "யார் வெடிச்சது?" என்று கேட்டார்.

"வரவேற்புக்குன்னு ஊர்க்காரங்க வெடிச்சிருக்காங்க சார், நானும் வேண்டாம்னுதான் சொன்னேன்" என்றார் சுண்ணாம்பு சார். வாய் கூசாமல் சொன்னார்.

என் வாய்க்கும் மூளைக்கும் நடுவே ஒரு ஷட்டர் உண்டு. அதுவும் இற்றுப்போனதுதான். "இல்ல சார், சுண்ணாம்பு சார்தான் வெடிச்சாரு" என்று கத்திவிட்டேன். பதற்றத்தில் அவருடைய சொந்தப் பெயர் வரவே இல்லை. "யார் அது சுண்ணாம்பு சார்?" என்றார் பெரியவர். நான் கடகத்தைப் பிடித்திருந்ததால், தாடையால் காட்டினேன். பந்தி பரிமாறின ஆள் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு வெளியே ஓடிச் சிரித்தான்.

இதற்குப் பிறகு என்ன நடந்திருக்கும் என்று புதிதாய்ச் சேர்ந்த தம்பி நினைக்கிறான்? சுண்ணாம்பு சாருக்கு நோட்டீஸ், ஊருக்கு ஷட்டர் என்றா? எங்கள் சாரைத் தண்ணீரே வராத ஒரு செக்‌ஷனுக்கு மாற்றினார்கள். விருந்தினரிடம் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டாராம். பூமியிலேயே மரியாதை அதிகமான மனிதருக்கு அந்தக் குற்றச்சாட்டு. என்னை மாற்றவில்லை. லஸ்கரை எங்கே மாற்றினாலும் அதே கரைதான் என்று விட்டிருப்பார்கள். மனு போகவில்லை, ஆகவே ஷட்டரும் வரவில்லை.

அடுத்த வருஷம் குஞ்சு பொரிக்கிற சமயத்தில் ஒரு லாரி வந்தது. ஷட்டர் என்று நினைத்துப் பேச்சியம்மாள் வயலிலிருந்து சேற்றுக் காலோடு ஓடி வந்தார். சுண்ணாம்பு சார் இறங்கினார். லாரியிலிருந்து இறங்கியது ஒரு போர்டு. ஆளுயரம், கனத்த இரும்புத் தகடு, பச்சை வர்ணம். 'பறவைகளின் நலன் கருதி உச்சி வேளையில் குளத்துக்குள் இறங்கத் தடை. உத்தரவுப்படி.' கீழே, உத்தரவைவிடப் பெரிய எழுத்தில் பெரியவர் பெயர். இந்த ஏற்பாட்டுக்காக அவரைப் பாராட்டி ஒரு கூட்டம்கூட நடந்ததாம். அக்காவின் பாட்டனுக்குப் பாட்டன் காலத்து வழக்கத்தை அவர் கண்டுபிடித்துவிட்டார்.

"ஷட்டரு எங்கய்யா?" என்றார் அக்கா.

"அது அடுத்து வரும். முதல்ல இத நடுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அக்கா போர்டைச் சுற்றி வந்தார். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். நல்ல தகடு, கணீரென்றது. "ஏ லஸ்கரு, அந்த மடை வாய் என்ன அகலம் இருக்கும்?" என்று கேட்டார். எனக்குப் புரிந்தது. அரசாங்கச் சொத்து, பெரியவர் பெயர், என் பென்ஷன், எல்லாம் கண்முன் வந்தது. சார் எடுத்து வைத்திருந்த அளவும் வந்தது. போர்டு மடை வாயைவிடக் கொஞ்சம் அகலமாகத்தான் இருந்தது. கொல்லுப்பட்டறையில் போர்டின் இரும்புக் கால்களை மட்டும் அறுத்து வாங்கினேன்.

வெயில் சாய்ந்த பிறகு போர்டோடு அக்கா புருஷன் முங்கினார். கடைசி முங்கல் என்று அக்கா சொல்லியனுப்பினார். நான் கரையில் நின்று போர்டைக் கட்டிய கயிற்றைப் பைய விட்டேன். குளத்துத் தண்ணீர் போர்டைத் தானே வாங்கி மடை வாயில் ஒட்டவைத்து அழுத்திக்கொண்டது. மடைக்குழியில் இரைச்சல் குறைந்து, சொட்டு நீராகி, நின்றது. வயலுக்கு வேண்டியபோது ஆள் சேர்ந்து கயிற்றை இழுத்துத் தூக்கினோம்; அந்த வருஷம் கடைமடை வரைக்கும் விளைந்தது. கடைசிக் குஞ்சு பறக்கிற வரைக்கும் மரத்தடியில் தண்ணீர் நின்றது.

நடுவில் ஒருநாள் சுண்ணாம்பு சார் போட்டோ எடுக்க வந்தார். நல்ல உச்சிவெயில். கரையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "போர்டு எங்கவே?" என்றார்.

"தண்ணிக்குள்ள இருக்கு சார்."

"தண்ணிக்குள்ளயா? எறங்கி எடுத்துக் காட்டுவே."

"வெயில் தாழட்டும் சார்" என்றேன். "இப்ப எறங்கக் கூடாதுன்னு ஐயா உத்தரவு போட்டிருக்காவ. போர்டுலயே எழுதியிருக்கு."